கண்ணாடி முன் ஒரு சீமாட்டி: நதார் ஸ்டூடியோவில் கிரெஃப்யூல், 1896

1896ஆம் ஆண்டு பாரிஸ் ஆன்ஜூ தெருவில் இருந்த நதார் ஸ்டூடியோவுக்குச் சீமாட்டி எலிசபெத் கிரெஃப்யூல் ஒரு புது உடையோடு வந்தார். கருப்பு வெல்வெட், அதன்மேல் தந்த நிறத்தில் ஆளைத் தூக்கி அடிக்கும் பெரிய லில்லிப் பூக்கள். அந்த உடையில் சில படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் அவர் ஆளுயரக் கண்ணாடி முன் நிற்கிறார். உடல் நமக்கு முதுகு காட்டித் திரும்பியிருக்கிறது. முகம் கேமராவைத் தேடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாரிஸ் உயர்குடி வாழ்க்கை எப்படி இருந்தது என்று யாராவது எழுத வந்தால் இந்தப் படத்தைத் தொடாமல் போவது அரிது.

பட விவரத்தில் போல் நதார் என்ற பெயர் இருக்கும். கேமராவை இயக்கியவர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் உடையைத் தேர்ந்தது, அதை எந்தப் பக்கத்திலிருந்து காட்டுவது, எடுத்த படத்தை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தப் படத்தின் முதன்மையான ஆசிரியர் அந்தச் சீமாட்டி என்றே நான் கருதுகிறேன். அதற்கான சான்றுகளை வரிசையாக எடுத்து வைப்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

எலிசபெத் 1860 ஜூலை 11 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா பெல்ஜிய இளவரசர் குடும்பமான காரமான்-ஷிமே வழி. அம்மா மோந்தெஸ்கியூ குடும்பம், பியானோவில் தேர்ந்தவர். அப்பா வழியில் கொள்ளுப்பாட்டி தெரேசா தாலியன், ஃபிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அழகுக்கும் துணிச்சலான உடைக்கும் பேர் போனவர். குலப்பெருமை நிறைய, பணம் அந்த அளவுக்கு இல்லை. 1878 செப்டம்பரில், 18 வயதில், ஆன்ரி கிரெஃப்யூலுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்கள். அவர் வீட்டில் நிலைமை நேர்மாறு: வங்கித் தொழிலில் சேர்ந்த பெருஞ்செல்வம், அண்மைக்காலப் பட்டம். பாரிஸில் அஸ்தோர்க் தெரு மாளிகை, ஊர்ப்புறத்தில் புவா-பூத்ரான் கோட்டை, அதைச் சுற்றி வேட்டைக்காடு.

மண வாழ்க்கை இனிக்கவில்லை. கணவருக்குப் பிற பெண்களோடு இருந்த உறவு ஊரறிந்த விஷயம். அதே மனிதர் மனைவி விஷயத்தில் மட்டும் பொறாமையும் அதட்டலும். பெண் ஓட்டுப் போட முடியாத, கணவர் அனுமதியில்லாமல் சொத்தில் கைவைக்க முடியாத காலம் அது. எலிசபெத்துக்குக் கிடைத்த ஒரே களம் வரவேற்பறை. அதை அவர் சும்மா விடவில்லை. 1890இல் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கென ஒரு சங்கம் நிறுவினார். பெர்லியோஸின் ‘பெயாட்ரிஸ்ஸும் பெனெடிக்டும்’ என்ற ஓபராவை அந்த ஆண்டே பாரிஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் என்றாலே ஃபிரெஞ்சு தேசப்பற்றாளர்கள் முகம் சுளித்த நாளில் வாக்னருக்காக நின்றார். கபிரியேல் ஃபோரே தன் ‘பவான்’ இசையை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1907இல் செர்கெய் தியாகிலெவ் ரஷ்ய இசையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தபோது பணமும் தொடர்பும் திரட்டித் தந்தவர்களில் அவர் முன்னிலையில் இருந்தார். மேரி கியூரியின் ரேடியம் நிறுவனத்துக்கும், வானொலி ஆய்வாளர் எதுவார் பிரான்லிக்கும் ஆதரவு தேடிக் கொடுத்தார். யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ்மேல் போடப்பட்ட உளவு வழக்கில் தன் வகுப்பார் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் நின்றபோது, டிரேஃபஸ் குற்றமற்றவர் என்று நம்பிய சிலரில் அவரும் ஒருவர்.

இத்தனையையும் சொல்லக் காரணம் இருக்கிறது. விருந்துக்கு ஆள் சேர்ப்பது, நன்கொடை கேட்பது, அமைச்சரையும் இசைக்கலைஞரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது எல்லாம் ஒரு பெண்ணின் பெயரும் தோற்றமும் ஊரில் எவ்வளவு பேசப்படுகின்றன என்பதை நம்பி நடந்த காரியங்கள். தோற்றம் அவருக்கு முதல் போட்ட மூலதனம். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் அவர் மிகக் கவனமாக இருந்தார். விருந்துகளுக்குத் தாமதமாக வருவார், சிறிது நேரமே நிற்பார், எல்லோரும் பார்த்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். தன்மேல் எல்லோர் பார்வையும் பதிவதை உணரும் பெண்ணுக்குக் கிடைக்கும் இன்பத்துக்கு ஈடில்லை என்று தன் குறிப்புகளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தவரும் அவரே.

புகைப்படம் என்ற ஆபத்து

1854இல் தீஸ்தேரி என்ற புகைப்படக்காரர் சிறிய அட்டைப்படத்துக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து பாரிஸ் கடைகளில் முகங்கள் விலைக்கு வந்தன. பேரரசர், நடிகை, பாடகி, நாட்டியக்காரி எல்லோரும் ஒரே அலமாரியில். காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் போகலாம். நடிகைக்கு இது விளம்பரம், வருமானம். உயர்குடிப் பெண்ணுக்கோ மானக்கேடு. முகம் தெரியாத ஓர் ஆணின் சட்டைப்பையில் தன் படம் இருப்பது அந்த வகுப்பில் நினைத்துப் பார்க்க முடியாதது. நடிகை ராஷேல் இறந்த கட்டிலில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் வெளியானபோது, குடும்பத்தின் அனுமதியில்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 1858இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் உருவம் யாருடையது என்ற கேள்வி ஃபிரான்ஸில் அப்போதே நீதிமன்றப் படி ஏறிவிட்டது.

எனவே எலிசபெத்தின் வகுப்பில் படம் எடுத்துக்கொள்வது வழக்கம்தான், ஆனால் அது நெருங்கிய உறவுக்கும் நண்பருக்கும் கையெழுத்திட்டுத் தரும் பொருள். வாங்கியவர் ஆல்பத்தில் வைப்பார், அல்லது மேசைமேல் சட்டமிட்டு வைப்பார். யார் மேசையில் யார் படம் இருக்கிறது என்பதைப் பார்த்தே யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று ஊர் கணக்குப் போடும்.

இதற்கு முன்னால் ஒரு பெண் இந்த வேலியை வேறு விதமாகத் தாண்டியிருந்தார். இத்தாலியிலிருந்து வந்து மூன்றாம் நெப்போலியனின் காதலியான கஸ்திலியோனே சீமாட்டி, பியேர்-லூயி பியேர்சோன் என்ற புகைப்படக்காரரிடம் சுமார் 40 ஆண்டுக் காலத்தில் 400க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துக்கொண்டார். உடை, கோணம், பாவனை, தலைப்பு எல்லாம் அவரே தீர்மானித்தவை. அவர் 1899இல் இறந்த பிறகு அந்தப் படங்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் கவிஞர் ரொபேர் தெ மோந்தெஸ்கியூ. அந்த மோந்தெஸ்கியூ எலிசபெத்தின் தாய்வழி உறவினர். எலிசபெத்தின் ரசனைக்கு ஆசான் என்றே சொல்லலாம். தானும் சளைக்காமல் படம் எடுத்துக்கொண்டவர்.

ஒப்பீடு பயனுள்ளது, ஆனால் ஓர் எல்லைக்குள்தான். கஸ்திலியோனே கடைசிக் காலத்தில் கதவடைத்து, முதுமையைப் பிறர் பார்க்கக் கூடாதென்று ஒதுங்கி வாழ்ந்தார். அவர் படங்கள் அவருக்கும் கேமராவுக்கும் இடையிலான தனி உலகம். கிரெஃப்யூல் வெளியே இருந்தார், வேலை செய்துகொண்டிருந்தார். அவர் படங்களுக்குப் பின்னால் ஒரு பாரிஸே காத்துக்கொண்டிருந்தது.

உடை

இந்த உடையைத் தைத்தது பாரிஸ் தெ லா பே தெருவில் இருந்த வொர்த் என்ற உயர்தர உடை நிறுவனம். அதைத் தொடங்கிய ஆங்கிலேயர் சார்ல்ஸ் ஃபிரெடெரிக் வொர்த் 1895இல் இறந்துவிட்டார்; லில்லி உடை தைக்கப்பட்ட ஆண்டில் வடிவமைப்பு மகன் ழான்-ஃபிலிப்பின் கையில் இருந்தது. உடை இடுப்பில் துண்டாக வெட்டித் தைக்காமல், தோளிலிருந்து தரைவரை நீளவாட்டில் இறங்கும் வெட்டு. இடுப்பில் குறுக்குத் தையல் கிடையாது. கண் எங்கும் தடுக்கி நிற்காமல் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இறங்கும். உயரமும் மெலிவும் கூடித் தெரியும்.

லில்லிகள் அச்சிட்டவை அல்ல. தந்த நிறப் பட்டுத் துணியைப் பூ வடிவில் வெட்டி வெல்வெட்டில் பதித்து, மணியும் உலோக மினுக்கும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். காம்புகள் தரையோரத்தில் தொடங்கி நீண்டு உயர்கின்றன. அகன்ற கழுத்துப் பட்டையை மடித்துப் போட்டால் தோளில் படியும். தூக்கி நிறுத்தினால் வௌவால் சிறகு மாதிரி விரியும். வௌவால் மோந்தெஸ்கியூ தனக்கென வைத்துக்கொண்ட சின்னம், 1892இல் அதன் பெயரிலேயே கவிதைத் தொகுதி வெளியிட்டிருந்தார். எலிசபெத்தை லில்லியாக உருவகித்து அவர் பாடியதும் உண்டு. லில்லி என்றால் ஃபிரான்ஸில் பூர்போன் அரச வம்சத்தின் சின்னமும்கூட. குடியரசு வேரூன்றி இருபது ஆண்டுக்கு மேலான பாரிஸில், பழைய குலத்துப் பெண் ஒருவர் உடல் முழுக்க லில்லி அணிந்து வருவதை யார் கண்டும் காணாமல் இருப்பார்கள்?

ஆக இந்த உடையில் உறவினருக்கு ஒரு சமிக்ஞை, ஊருக்கு ஒன்று, வம்சத்துக்கு ஒன்று. தையற்காரர் கொடுத்ததை வாங்கி அணிந்த பெண்ணுக்கு இப்படி ஓர் உடை அமையாது. பேஷன் எதுவோ அதைப் பின்பற்றாமல் தனக்கென்று தைக்கச் சொல்பவர் அவர் என்பது அவர் காலத்திலேயே பேசப்பட்டது.

ஸ்டூடியோவில்

நதார் என்றதும் நினைவுக்கு வருபவர் அப்பா ஃபெலிக்ஸ்: பலூனில் ஏறிப் படமெடுத்தவர், கவிஞர் போதலேரையும் நடிகை சாரா பெர்னார்தையும் எடுத்தவர், தன் பழைய ஸ்டூடியோவை 1874இல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சிக்குத் தந்தவர். அவருடைய உருவப்படங்களில் பின்னணி வெறுமையாக இருக்கும், முகமே எல்லாம். மகன் போல் வேறு மனிதர். 1856இல் பிறந்தவர். நாடகத்திலும் ஓபராவிலும் மோகம். உடை, திரைச்சீலை, மேடைப் பாவனை எல்லாம் அவருக்கு இயல்பாக வந்தன. தொழில்நுட்ப ஆர்வமும் அதிகம். 1886இல் 100 வயது வேதியியலாளர் ஷெவ்ரோலிடம் அப்பா பேட்டி எடுக்க, மகன் அடுத்தடுத்துப் படம் எடுத்தார்; அது இதழில் வெளிவந்த முதல் புகைப்படப் பேட்டிகளில் ஒன்று. 1890இல் ஈஸ்ட்மன் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடு ஆசியாவின் துர்கெஸ்தான்வரை போய்வந்தார்.

அப்பாவின் படங்களை உயர்த்தி, மகனின் படங்களைச் சமூகப் பக்க அலங்காரம் என்று தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது அநியாயம். முகத்தை மட்டும் நம்பும் புகைப்படக்காரருக்கு இந்த உடை கைகொடுத்திருக்காது; உடையையும் ஒரு பாத்திரமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கே கொடுத்தது. சீமாட்டி அப்பாவின் பாணியைத் தேடாமல் மகனிடம் வந்ததே தெளிவான முடிவு.

இனி கைவேலை. கருப்பு வெல்வெட்டும் வெளிர்ப் பட்டும் ஒரே உடையில் இருந்தால் எந்தப் புகைப்படக்காரருக்கும் தலைவலி. வெல்வெட் தன்மேல் விழும் ஒளியை விழுங்கும். பட்டு திருப்பி அடிக்கும். வெல்வெட்டின் மடிப்புகள் தெரியட்டும் என்று படம் பதியும் கண்ணாடி பிளேட்டுக்கு அதிக நேரம் ஒளி காட்டினால் லில்லிகள் வெளுத்து, இதழ் விளிம்பு கரைந்துவிடும். லில்லிக்காகக் குறைத்தால் உடை முழுவதும் ஒரு கரிய ஓட்டை. பூக்கள் அதில் மிதக்கும். அக்காலக் கண்ணாடி பிளேட்டுகள் நீல ஒளிக்கே அதிகம் இணங்கும், மஞ்சள் கலந்த நிறங்களைச் சற்று மங்கலாகவே பதியும். பூக்கள் தூய வெள்ளையாக இல்லாமல் தந்த நிறத்தில் இருந்தது இந்த இடத்தில் உதவியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. படத்தில் லில்லிகள் வெளிச்சமாக இருந்தும் இதழ் இதழாகப் பிரிந்து தெரிகின்றன. வெல்வெட் கருப்பாக இருந்தும் கனம் தெரிகிறது. இந்தச் சமநிலை போல் நதாரின் கைத்திறன், அதற்குரிய மதிப்பை அவருக்குத் தந்தே ஆக வேண்டும்.

அடுத்து, முதுகு. உருவப்படம் என்றால் முகம் என்பது அன்றும் இன்றும் விதி. இங்கே உடல் திரும்பி நிற்கிறது. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் முந்தானையை விரித்துக் காட்டத் திரும்பி நிற்கச் சொல்வார்களே, அப்படி ஒரு காரணம் இங்கும் உண்டு: தரையில் புரளும் உடையின் நீளமும் கழுத்திலிருந்து இறங்கும் கோடும் பின்னாலிருந்து பார்த்தால்தான் முழுமை பெறும். ஆனால் அது பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். விருந்தில் பார்வையாளர் கூட்டத்தை விட்டுக் கிளம்பும்போது எல்லோர் கண்ணும் படுவது போகிறவரின் முதுகில். சீக்கிரம் கிளம்பிப் போவதையே தன் முத்திரையாக்கிக்கொண்ட ஒரு பெண்ணைப் படம் எடுக்க, இதைவிடப் பொருத்தமான கோணம் எது?

கண்ணாடியோ இன்னொரு வேலை செய்கிறது. கண்ணாடி முன் பெண் என்பது ஐரோப்பிய ஓவியத்தில் நைந்துபோன பொருள்; பெரும்பாலும் தற்பெருமைக்கு எச்சரிக்கையாக வரையப்பட்டது. இங்கே எச்சரிக்கைக்கே இடமில்லை. அவர் தன்னைப் பார்க்கிறார், நாம் அவர் பார்ப்பதைப் பார்க்கிறோம். முதல் பார்வையாளர் அவரே. நமக்குக் கிடைப்பது இரண்டாம் இடம், அதுவும் அவர் அனுமதித்ததால்.

வேறு சில படங்கள்

ஒரு படத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது. அவர் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே மனம் வேலை செய்வது தெரிகிறது. புகைப்படக்காரர் மாறினாலும் அது மாறவில்லை.

சுவீடனில் பிறந்து பாரிஸ் மத்லேன் சதுக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒட்டோ வெகெனர் 1899 வாக்கில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஒரே படத்தில் கிரெஃப்யூல் இருவராக இருக்கிறார். ஒரே பிளேட்டில் இருமுறை ஒளி காட்டும் உத்தி இது: ஒரு பாதியை மறைத்து ஒருமுறை, உடையும் நிலையும் மாற்றி மறுபாதியில் இன்னொரு முறை. இரண்டாம் முறை எங்கே நிற்க வேண்டும், பார்வை எங்கே போக வேண்டும் என்பதை முதல் நிலையை மனதில் வைத்துக் கணக்காகச் செய்ய வேண்டும். சொன்னபடி நிற்கும் வாடிக்கையாளர் இதற்குப் போதாது. படம் எப்படி உருவாகிறது என்று புரிந்தவர் வேண்டும். நதாரின் கண்ணாடியில் தொடங்கிய இரட்டை இங்கே கண்ணாடி இல்லாமலே நடந்திருக்கிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் 1896 அக்டோபரில் பாரிஸ் வந்ததையொட்டி கிரெஃப்யூலுக்குக் கிடைத்த, நடு ஆசியாவின் புகாரா நாட்டுச் சடங்கு அங்கியை வொர்த் மாலை நேர மேலங்கியாக மாற்றித் தைத்துக் கொடுத்தது. அதுவும் அவர் தோற்றத்தின் பகுதியானது. பரிசாக வந்த பொருளையும் அப்படியே அணியாமல் தன் அளவுக்கு வெட்டிக்கொள்பவர்.

ஓவியர்களிடம் அவர் நின்றதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். போல் எல்லே புவா-பூத்ரானில் அவரை விடாமல் வரைந்தார். லாஸ்லோ 1905இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். எல்லேயின் கோடுகள் அழகுதான், ஆனால் அந்த அழகு எல்லேயினுடையது; அவர் வரைந்த எல்லாப் பெண்களிடமும் அது உண்டு. லாஸ்லோவின் ஓவியத்தில் லாஸ்லோவின் பளபளப்பு. புகைப்படத்தில்தான் கிரெஃப்யூல் முழுக்கக் கிரெஃப்யூலாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேமரா அவர் பேச்சைக் கேட்டது.

யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை

1893 ஜூலை 1 அன்று வாகிராம் இளவரசி வீட்டு விருந்தில் 21 வயது இளைஞர் ஒருவர் கிரெஃப்யூலை முதன்முதலாகப் பார்த்தார். தலையில் ஊதா ஆர்க்கிட் மலர்கள் பிடரிவரை தொங்கியதையும், அந்த அழகைக் கண்டு தான் மலைத்ததையும் மறுநாளே மோந்தெஸ்கியூவுக்குக் கடிதமாக எழுதினார். மார்செல் புரூஸ்த். பின்னாளில் தன் நெடும் நாவலில் வரும் கெர்மான்ட் குடும்பத்துச் சீமாட்டிகளுக்கு அவர் கிரெஃப்யூலிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். சிரிப்பும் பார்வையும் உடையும் கணவரின் முரட்டுத்தனமும் அதில் அடக்கம்.

புரூஸ்துக்கு அவருடைய புகைப்படம் ஒன்று வேண்டியிருந்தது. நினைவிலிருந்து எழுதும் ஆளுக்குப் படம் ஓர் ஊன்றுகோல். அவர் நண்பர்கள், தெரிந்தவர்கள் என எல்லோரிடமும் படம் கேட்டு வாங்கிச் சேர்ப்பவர். கிரெஃப்யூலிடம் கேட்டார். கிடைக்கவில்லை. சீமாட்டியின் மகள் எலேனை மணந்த கிஷ் பிரபு புரூஸ்தின் நண்பர் என்பதால் அவரையும் நச்சரித்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, தள்ளாத வயதில் இருந்த சீமாட்டியைச் சந்தித்துப் புரூஸ்தைப் பற்றிக் கேட்ட அமெரிக்க ஆய்வாளர் மினா கர்டிஸிடம் அவர் இந்தப் பழைய நச்சரிப்பைச் சலிப்போடு நினைவுகூர்ந்தார். அந்தக் காலத்தில் புகைப்படம் அந்தரங்கமான பொருள், வெளியாளுக்குக் கொடுப்பதில்லை என்பதே அவர் விளக்கம்.

இதை வெறும் மேட்டிமை என்று முதலில் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் தன் உருவத்தை யார் வைத்திருக்கலாம் என்று தானே முடிவு செய்து, கேட்டவர் எவ்வளவு பெரிய மேதையாக வரப்போகிறவர் என்றாலும் அந்த முடிவில் நின்றிருக்கிறார். விருந்தில் எல்லோரும் பார்க்கலாம், செய்தியாளர் உடையை வர்ணிக்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் உருவம் வேறு. முன்னது புகழ் சேர்க்கும். பின்னது உரிமை கொடுக்கும். இரண்டையும் அவர் கலக்கவே இல்லை. சொத்தும் நேரமும் கணவர் கட்டுப்பாட்டில் இருந்த வாழ்க்கையில், முழுக்கத் தன் கையில் வைத்துக்கொள்ள முடிந்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கட்டுப்பாட்டின் எல்லை

1904 நவம்பர் 14 அன்று மத்லேன் தேவாலயத்தில் எலேனின் திருமணம். அம்மா அணிந்தது வொர்த் தைத்த, பொன் இழை மின்னும் பைசாந்தியப் பாணி உடை. ஊரின் கண் மணப்பெண்ணை விட்டு அம்மாவின்மேல் போனது. அன்றைக்கு வாசலில் ஒரு சினிமாக் கேமராவும் இருந்தது. விருந்தினர்கள் படிகளில் இறங்கி வரும் சிறு படச்சுருள் அது. பிரான்ஸின் தேசியத் திரைப்பட மையத்தின் காப்பகத்தில் இருந்த அதை ஆராய்ந்த கனடா லவால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ழான்-பியேர் சிருவா-த்ராஹான், வட்டத் தொப்பியும் வெளிர் நிறக் கோட்டுமாகத் தனியே வேகமாக இறங்கும் ஓர் இளைஞர் புரூஸ்தாகத்தான் இருக்க வேண்டும் என்று 2017இல் அறிவித்தார். முழு உறுதி இல்லை, ஆனால் பல அறிஞர்கள் ஏற்கிறார்கள்.

இந்தச் சுருள் நம் ஆய்வுக்கு முக்கியம். ஸ்டூடியோவில் நிலையும் ஒளியும் கோணமும் முன்கூட்டியே முடிவானவை. படிக்கட்டில் ஓடும் கேமராவுக்கு முன் யாராலும் அப்படி ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. யார் வேகமாக நடக்கிறார், யார் தடுமாறுகிறார் எல்லாம் அப்படியே பதியும். எலிசபெத் தேர்ச்சி பெற்ற கலை அசையாப் படத்தின் கலை. 1896இல் அது உச்சத்தில் இருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் முதல் கட்டணச் சினிமாக் காட்சி நடத்தியிருந்தார்கள்.

இன்னோர் எல்லையும் உண்டு. அவர் இவ்வளவு கவனமாகக் காத்த உருவம் கடைசியில் அவரை ஒரு நாவலின் மூலப்பாத்திரமாகவே நிறுத்திவிட்டது. நதாரின் படத்தில் உடையும் கண்ணாடியும் பேசுகின்றன. இசைச் சங்கத்தின் கணக்குப் புத்தகமோ, பிரான்லிக்காக எழுதிய கடிதமோ, தியாகிலெவுக்காகத் தட்டிய கதவுகளோ அதில் இல்லை. உழைப்பு தெரியாமல் பார்த்துக்கொள்வது அந்த வகுப்பின் ஒழுக்கம், அவர் அதற்குக் கட்டுப்பட்டார். அதன் விலையை அவர் பெயர் இன்றும் கொடுக்கிறது.

படமும் உடையும் அருகருகே

1952இல், 92ஆம் வயதில், சுவிட்சர்லாந்தின் லோசானில் எலிசபெத் காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்பே, 1950இல், நதார் ஸ்டூடியோவின் கண்ணாடி நெகட்டிவ்களை ஃபிரெஞ்சு அரசு வாங்கிவிட்டது. உடைகள் குடும்பத்தார் வழியாகப் பாரிஸ் நகரின் பேஷன் அருங்காட்சியகமான கலியேரா மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தன. 2015 நவம்பரில் அங்கே அவர் உடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் பேஷன் தொழில்நுட்பக் கழகத்தின் அருங்காட்சியகத்துக்கும் போனது. அணிந்த உடையும் அதை அணிந்து எடுத்த படமும் இரண்டுமே பிழைத்திருப்பது அபூர்வம். உயர்குடி உடைகள் பெரும்பாலும் பிரித்து மறுபடி தைக்கப்பட்டோ, விற்கப்பட்டோ, நைந்தோ போய்விட்டன.

இரண்டையும் ஒப்பிடும்போதுதான் புகைப்படம் எதைத் தரவில்லை என்பதும் தெரியும். 1897 வாக்கில் வொர்த் தைத்த அவருடைய தேநீர் நேர உடையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை சாட்டின்மேல் கருநீல வெல்வெட் வேலைப்பாடு. பக்கத்தில் வந்து பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும் சேர்க்கை. கருப்பு-வெள்ளைப் படத்தில் அந்தப் பச்சையும் நீலமும் வெவ்வேறு சாம்பல்களாக ஒடுங்கிவிடும். லில்லி உடைக்கு அந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை. கருப்பும் தந்த நிறமும் பிளேட்டில் விழுந்த பின்னும் ஏறக்குறைய அவையாகவே இருக்கின்றன. அலமாரி நிறைய நிறங்கள் வைத்திருந்த ஒரு பெண் நதாரிடம் போவதற்கு இந்த உடையை எடுத்துக்கொண்டார் என்பதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.